பெட்டி பார்த்துக் கொடுத்த சுந்தரதாஸ்

சுந்தரதாஸ் 'கூடாது' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அமரவிளையில் ஏத்தங்காய் உப்பேரி என்கிற நேந்திரங்காய் வறுவல், புட்டுமாவு, ஊறுகாய், உறையவைத்த பலாச்சுளை என்று கப்பலேற்றுகிற ஒரு கம்பெனி உண்டு. சரக்கு நாட்டை விட்டுப் போகுமுன் இந்த நாட்டுச் சட்டம், போகிற நாட்டுச் சட்டம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கார்டில் 'எக்ஸ்போர்ட் கம்ப்ளையன்ஸ் மானேஜர்' என்று போட்டிருக்கும். பாறசாலைப் பக்கம் அதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. "கண்டெய்னரைத் தடுத்து நிறுத்துற வேலையாக்கும்" என்று அவர் மனைவி சுகுமாரி சொல்வாள். உடனே விளங்கிவிடும்.

வினோதமான வேலைதான். கம்பெனியில் எல்லோரும் சரக்கை அனுப்பப் பறப்பார்கள், இவர் ஒருவர் மட்டும் நிறுத்த வழி தேடிக்கொண்டிருப்பார். ஊறுகாய் லேபிளில் கடுகு சேர்த்ததை எழுதவில்லையா, நிறுத்து. சரக்கு அடுக்குகிற மரத்தட்டில் பூச்சி போகச் சூடேற்றிய முத்திரை மங்கலாகத் தெரிகிறதா, நிறுத்து. வாங்குகிறவன் பெயரும் உலகத்துத் தடைப்பட்டியலில் இருக்கிற எவனோ ஒருவன் பெயரும் பாதி ஒத்துப்போகிறதா, அவன் இவனில்லை என்று தெரியும்வரை நிறுத்து. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் இந்தத் தொழிலின் வேதம். முதலாளி சத்தியதாஸ் தலையில் கைவைத்துக்கொண்டு, "எந்து சாறே, இதும் பற்றில்லே?" என்று மலையாளத்தில் புலம்புவார். "பற்றில்ல, கூடாது" என்பார் சுந்தரதாஸ். முதலாளியின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல அந்தக் கம்பெனியில் வேறு ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு உள்ளூர இருந்தது.

ஒருமுறை லண்டனில் உப்பேரிப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பல்லி உயிரோடு இறங்கியது. வாங்கினவர்கள் அதைப் படமெடுத்து அனுப்பி, அறிவிக்கப்படாத உயிரினம் எப்படி வந்தது, இனி வராமலிருக்க என்ன நடவடிக்கை என்று கேட்டிருந்தார்கள். சுந்தரதாஸ் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். பல்லி நுழைந்திருக்கக்கூடிய இடைவெளி, அதை அடைத்த விதம், பாக்கிங் பெண்களுக்குப் பல்லி விஷயமாகக் கொடுத்த பயிற்சி. பயிற்சி உண்மையிலேயே நடந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். "பல்லிக்கு பாஸ்போர்ட்டு எடுக்கணுமா சாறே?" என்று ஒருத்தி கேட்டாள். "எடுத்திருந்தா அவனுவ ஒண்ணும் கேட்டிருக்கமாட்டானுவ" என்றார் இவர், சிரிக்காமல்.

ஆபீஸ் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். அக்காள் மகளுக்கு வரன் வந்தபோது பையன் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டித் தடைப்பட்டியல்களிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "கிளியர்" என்று அறிவித்தார். எப்படியோ அது மாப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பையன் போன் செய்தால், "மாமா, நான் இப்பமும் கிளியர் தானே?" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். சுகுமாரியோ அவரைச் சமையலறைக்குள்ளேயே விடமாட்டாள். உள்ளே வந்தால் மசாலா டப்பாவைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பார்.

ஆனால் ஊரில் அவருக்கு உண்மையான மரியாதை வேறொரு காரியத்தால் வந்தது. தமிழ்நாட்டு எல்லை ஓரத்து இஞ்சிவிளையில் அவர் வீடு. அங்கே வளைகுடாவுக்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. போகிறவன் பெட்டி கட்டி முடித்ததும், பூட்டுமுன் சுந்தரதாஸை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுவார்கள். அது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை, இப்போது அது சடங்காகவே ஆகிவிட்டது. போதகர் வந்து ஜெபித்துப் போன பிறகு, இல்லாவிட்டால் கோயில் பிரசாதம் பெட்டியில் ஏறின பிறகு, இவர் வருவார். பாய் விரித்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பார். அம்மாமார் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்ப்பார்கள்.

அவர் கண்ணுக்குத் தப்பாது. இறைச்சி மசாலாவுக்குள் அரைத்துச் சேர்த்த கசகசாவை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். "இது அங்க போதைப்பொருள் கணக்கு, கொண்டுபோனா இறங்கின ஒடனே ஜெயிலாக்கும்" என்பார். தள்ளி வைப்பார். இருமல் மருந்துக் குப்பியைத் தள்ளி வைப்பார். பெயரில்லாத வைத்தியர் எண்ணெயைத் தள்ளி வைப்பார். தள்ளினதைத் திரும்ப வை என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. அவர் பார்த்த பெட்டி எதுவும் எந்த விமான நிலையத்திலும் பிடிபட்டதில்லை. கம்பெனியில் எல்லோரும் முறைக்கிற அதே 'கூடாது' இங்கே அவருக்குச் சாயாவும் நெய்யப்பமும் வாங்கிக் கொடுத்தது.

அப்படித்தான் ஜித்தினுடைய பெட்டியையும் பார்த்தார்.

ஜித்தின் இரண்டு வீடு தள்ளி இருக்கிற புஷ்பலீலாவின் ஒரே மகன். அப்பா இல்லை. புஷ்பலீலா ஆரியங்கோட்டில் ரப்பர் பால் எடுக்கப் போய்ப் பையனை வளர்த்தாள். அவனுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வலிப்பு நோய் உண்டு. இரண்டு வகை மாத்திரையில் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். அதனால் டிரைவர் வேலைக்குப் போக முடியாது, மரமேற முடியாது, நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வளைகுடாவில் ஒரு குடோனில், வருகிற பெட்டிகளைக் கணக்கில் ஏற்றுகிற வேலை கிடைத்தது. தரையில் நின்றபடி செய்யலாம், ஏற வேண்டாம், ஓட்ட வேண்டாம். அவனுக்கென்றே செய்தது போன்ற வேலை. நோயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மாத்திரை அட்டைகள் பெட்டியின் அடியில் ஒரு துண்டில் சுற்றியிருந்தன. சுந்தரதாஸ் இரண்டையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஒன்றைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது அங்க கட்டுப்பாட்டு மருந்து. முன்கூட்டி அனுமதி வாங்காம கொண்டுபோவப்பிடாது."

"டாக்டர் எழுதின சீட்டும் கடிதமும் உண்டு சாறே" என்றாள் புஷ்பலீலா. கையில் தயாராக வைத்திருந்தாள்.

"அது மட்டும் போராது. ரெண்டையும் வச்சு, அந்த நாட்டு வெப்சைட்டில அப்ளை பண்ணணும். ரெண்டு மூணு நாளு காரியம்."

பையனுக்கு விடிந்தால் விமானம். அவன் முகம் விழுந்துவிட்டது. சுந்தரதாஸ் அவன் தோளில் கைவைத்தார். "நீ வெப்ராளப்படாத மக்கா. சீட்டையும் கடிதத்தையும் இஞ்ச குடு. நான் அப்ளை பண்ணி அனுமதி வாங்குதேன். பூவார் சானு அடுத்த வாரம் அங்கதானே போறான், அவன் கையில அனுமதியும் மருந்தும் குடுத்துவிடுதேன். அதுவரைக்கும் மத்த மாத்திரைய விடாம சாப்பிடு."

இதுவரை அவர் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த இடத்தோடு கதை நின்றிருந்தால் அவர் இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

மறுநாள் ஆபீஸில், வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களின் தணிக்கை ஆட்கள் திடீரென்று வருவதாகச் செய்தி வந்தது. அந்த வாரம் முழுக்கச் சுந்தரதாஸ் கம்பெனியிலேயே கிடந்தார். ஜித்தினின் சீட்டும் கடிதமும் மருந்தும் பையோடு வீட்டு அலமாரிக்குள் இருந்தன. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். தணிக்கை நல்லபடியாக முடிந்தது, வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் சானு போன் செய்தான்.

"சாறே, ஜித்தினுக்க மருந்து வாங்க வரட்டா?"

சுந்தரதாஸுக்குச் சுரீரென்றது. மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். ஊரிலுள்ள பெட்டிகளையெல்லாம் பார்த்துக் கொடுக்கிற மனிதர், மறந்துபோனேன் என்று எப்படிச் சொல்வது? "அனுமதி இன்னும் வரல்ல மக்கா. பிராசஸ்ல இருக்கு" என்றார். சானு மருந்தில்லாமல் விமானமேறினான்.

அந்தப் பொய் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது என்று பிறகு நினைத்து நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. பிராசஸ். கம்பெனியில் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால், "எந்த பிராசஸ்? எங்க இருக்கு? நம்பர் என்ன?" என்று துளைத்து எடுப்பவர் அவர்தான். அவரை அப்படித் துளைக்க ஊரில் யாருமில்லை.

ஜித்தின் வாட்ஸாப்பில் குரல் அனுப்புவான். "சாறே, வல்ல தகவலும் உண்டா?" அவ்வளவுதான், அதற்குமேல் நெருக்கமாட்டான். இவரும் பதில் போடுவார். "பிராசஸ்ல இருக்கு மக்கா." அவருக்குத் தூக்கம் கெட்டது. அனுமதி கேட்டு இப்போதாவது விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விண்ணப்பித்தால் தேதி விழும், இன்றைக்குத்தான் விண்ணப்பித்தேன் என்பது தெரிந்துபோகும் என்று ஒரு பயம் வந்தது. எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்வது. பிறருடைய பேப்பரில் தேதி பார்த்தே பிழைத்த மனிதர் தன் தேதிக்குப் பயந்தார்.

ஒரு மாலை சுகுமாரி வெளியிலிருந்து ஓடி வந்தாள். "இஞ்ச பாருங்க, ஜித்தின் வேலை ஸ்தலத்தில விழுந்திட்டானாம். அந்த தீனம் வந்திருக்கு. தலையில அடியாம்."

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு அலமாரியின் விளிம்பில் மோதி நெற்றி கிழிந்தது, முன்பல் இரண்டு போனது. ஆஸ்பத்திரியில் நோய் வெளியே தெரிந்துவிட்டது. நோயை மறைத்தவன் என்று கம்பெனி விசாவை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிட்டது. துணிக்கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

சுந்தரதாஸ் பார்க்கப் போனார். போகாமலிருக்கத்தான் விருப்பம், இரண்டு வீடு தள்ளி இருக்கும்போது எங்கே ஒளிவது? நாலு பேர் முன்னால் புஷ்பலீலா தலையில் அடித்துக்கொண்டு தன்னைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே போனார். உண்மையைச் சொன்னால், அவள் சபித்தால் தேவலை என்றுகூட நினைத்துக்கொண்டு போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாறே, நீங்க அண்ணைக்கு அந்த மாத்திரைய எடுக்காம விட்டிருந்தா எனக்க பிள்ளை ஜெயிலில கெடந்திருப்பான். அந்த நாட்டுக்காரன் அனுமதி தராத்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க? நீங்க அலைஞ்ச அலைச்சல் கர்த்தருக்குத் தெரியும்."

ஜித்தின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றான்.

அன்றிலிருந்து சுந்தரதாஸுக்கு நரகம். புஷ்பலீலா ஊரெல்லாம் அவர் புகழைப் பரப்பினாள். சர்ச்சில் பெண்கள் திரும்பிப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். புஷ்பலீலா வீட்டில் மரச்சீனிக் கிழங்கு பறித்தால் ஒரு பங்கு அவர் வீட்டுக்கு வந்தது. சுகுமாரி அதை வேகவைத்து மீன் குழம்போடு வைத்தால் அவர் தள்ளி வைத்துவிடுவார். "என்ன, கிழங்குக்கும் சர்டிபிகேட்டு வேணுமா?" என்று அவள் கேலி செய்தாள். அவளிடம்கூட அவர் சொல்லவில்லை.

ஆபீஸிலும் ஆள் மாறிப்போனார். யாராவது 'பிராசஸில் இருக்கு' என்றால் துளைப்பதை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சரக்குகள் தடையில்லாமல் போயின. சத்தியதாஸ் முதலாளிக்கே பயம் வந்துவிட்டது. "சாறே, நிங்ஙளுக்கு சுகமில்லையோ? ஒரு கண்டெய்னராவது நிறுத்துங்க" என்றார்.

பிறகு புஷ்பலீலா வீட்டில் ஜெபக்கூட்டம் வந்தது. பிள்ளை உயிரோடு திரும்பியதற்கு ஸ்தோத்திர ஜெபம். முன்னறையில் பாய் விரித்துச் சுகுமாரியும் மற்றப் பெண்களும் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். சுந்தரதாஸுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். எவ்வளவு மறுத்தும் அவளும் போதகரும் விடவில்லை. பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்கிற நேரம். புஷ்பலீலா எழுந்து நின்றாள், முக்காட்டைச் சரிசெய்தாள்.

"எனக்க மகன ஆண்டவர் ரெண்டு வாட்டி காத்தாரு. விழுந்த இடத்தில ஒருக்க காத்தாரு. அதுக்கு முன்ன, ஜெயிலுக்குப் போவாம ஒருக்க காத்தாரு. அதுக்கு இந்த சுந்தரதாஸ் சாற உபயோகிச்சாரு. எனக்க பிள்ளைக்க அனுமதிக்கு வேண்டி ராவும் பகலும் அலைஞ்ச மனுஷனாக்கும். சாறுக்காக நான் தினமும் முழங்காலில நிக்கேன்."

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம். சுந்தரதாஸால் நாற்காலியின் கைப்பிடியை விட முடியவில்லை. எழுந்து சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். போதகர் அடுத்த ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் முடிந்து சாயா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜித்தின் பின்பக்கம் கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டு நின்றான். சுந்தரதாஸ் அங்கே போனார். யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பார்த்ததற்காகத் தன்னையே வெறுத்தார்.

"மக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த அனுமதி... நான் அப்ளை பண்ணவே இல்ல."

ஜித்தின் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "தெரியும் சார்."

அவன் அடுத்த டம்ளரைக் கையில் எடுத்தான்.

"அங்க எனக்க ரூமில ஒரு மலப்புறத்துக்காரன் உண்டு. அவன் இதேபோல மருந்துக்கு அனுமதி வாங்கினவன். அப்ளை பண்ணினா யாருக்காக அனுமதியோ அவனுக்க போனுக்குத்தான் ஓடிபி வரும், அத சொன்னாத்தான் அப்ளிகேஷன் உள்ள போவும்னு சொன்னான். நீங்க எப்பம் கூப்பிட்டு ஓடிபி கேப்பீங்கன்னு தெரியாது இல்லியா. அதனால போன கையிலேயே வச்சிருந்தேன். வேலை நேரத்தில போன் நோக்கினா சூப்பர்வைசர் ஏசுவான். ரெண்டு மூணு வாட்டி ஏச்சு வாங்கினேன். பின்ன எனக்கே மனசிலாச்சு."

இது சுந்தரதாஸுக்குத் தெரியாது. விண்ணப்பித்திருந்தால் அல்லவா தெரியும்.

"பின்ன ஏன் மக்கா கேக்கல்ல?"

"கேட்டேனே சார். ஒவ்வொரு வாட்டியும் பிராசஸ்ல இருக்குன்னு சொன்னீங்க. சீட்டும் ஒங்க கையில, கடிதமும் ஒங்க கையில. சரி, இன்னைக்குப் போட்டிருப்பாரு, நாளைக்குப் போடுவாருன்னு நெனச்சேன்." அவன் வாயை மறைக்க மறந்துவிட்டிருந்தான். பல் போன இடத்தில் இருட்டாகத் தெரிந்தது. "ஊரெல்லாம் ஒங்களப் பேடிக்கும் சார், நீங்க கூடாதுன்னு மொகத்துக்கு நேர சொல்லுவீங்கன்னு. எனக்கிட்ட ஒருக்க சொல்லியிருந்தா போரும். என்னால முடியல்ல மக்கா, நீ அங்க ஒரு டாக்டர பாருன்னு. நான் போயிருப்பேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் சுந்தரதாஸ் தாங்கியிருப்பார். வாழ்நாள் முழுக்க முதலாளியிடமும் கப்பல்காரனிடமும் தாய்மாரிடமும் தயங்காமல் சொன்ன ஒரு வார்த்தை, சொல்ல வேண்டிய ஒரே ஒரு பையனிடம் அவர் வாயில் வரவில்லை.

"அம்மைக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல்ல. சொன்னாலும் நம்பாது. நீங்கதான் சொல்லணும்."

உள்ளே போனபோது கடைசிப் பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். போதகர் வாசலில் சுகுமாரியோடு பேசிக்கொண்டிருந்தார். புஷ்பலீலா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரதாஸின் குரல் அவருக்கே கேட்காதபடி வந்தது, அதனால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று. அனுமதிக்கு விண்ணப்பிக்கவில்லை, ஒரு நாளும் அலையவில்லை, மறந்தேன், பிறகு பொய் சொன்னேன், மருந்து இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. சுகுமாரி வாசலில் பேச்சை நிறுத்தினாள். போதகரும் திரும்பிப் பார்த்தார்.

புஷ்பலீலா பாதி சுருட்டின பாயோடு அப்படியே குந்தியிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பதுபோல அவரிடம் கேட்டாள்.

"அப்பம் இத்தன பேருக்கு முன்ன நான் என்னத்துக்கு சாறே ஸ்தோத்திரம் சொன்னது?"

அவள் பாயைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து, மகன் நிற்கிற கிணற்றடிக்குப் போனாள்.